கண்டது, கேட்டது, சந்தேகப்பட்டது

ஸான் எவரிஸ்தோ,
ஆகஸ்ட் 31

ஜானெல் கண்ணு,

ஃபிரிட்ஜ் மேல் நான் ஒட்டிவிட்டு வந்த சீட்டைப் பார்த்திருப்பாய். ஒரே ஒரு வரி. அதை எழுதவே எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நேரில் சொன்னால் சண்டை வரும் என்று பயந்து, நீ ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனதும் கிளம்பிவிட்டேன். கோழை என்று திட்டு. தப்பில்லை.

இது ஒரு பல்கலைக்கழகம். சிரிக்காதே, நான் படிக்க வந்திருக்கிறேன். இன்னும் மாணவன்கூட இல்லை, விருந்தாளி. இங்கே சேர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு பருவம் கூடவே தங்க வேண்டும். நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். சேர்வதா வேண்டாமா என்பது நவம்பரில் தெரியும். மொத்தம் அறுபத்திரண்டு மாணவர்கள், பதினோரு ஆசிரியர்கள். நம் தெருவில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கோயில், மடம் என்று நினைத்துவிடாதே. புத்தர் காட்டிய வழிதான் வேர், ஆனால் கிரேக்கர்கள் எழுதியது, கணக்கு, செடிகொடி, படம் வரைவது எல்லாம் உண்டு. யாரும் யாரையும் மதம் மாற்றுவதில்லை. உன் அம்மாவின் ஜெபமாலை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

எப்படி இந்த இடம் தெரியும் என்று கேட்பாய். ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் இங்கே ஒரு லோடு நாற்காலி இறக்கினேன். இறக்கும்போது பார்த்தால், கிழவி முதல் பொடிசு வரை எல்லோரும் வரிசையில் நின்று கைமாற்றுகிறார்கள். அந்தக் கிழவிதான் பல்கலைக்கழகத் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது, பெயர் மார்கிட் ஹால்வொர்சன். வேலை முடிந்ததும் என்னிடம் வந்து, "ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். முப்பத்துமூன்று வருஷ லாரி வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றவர் இவர் ஒருத்தர்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக இருந்தது என்று உளறிவிட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு வருஷமாக அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

காலையில் நாற்பது நிமிடம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். முன்பு உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த பெரிய கூடம், கிழக்கு ஜன்னல் முழுக்க மலை. மற்றவர்கள் மூச்சு விடுவது கேட்கும். எஞ்சினை அணைத்த பிறகும் என் காதில் ஒரு இரைச்சல் இருக்கும் என்று சொல்வேனே, மூன்றாம் நாள் அது நின்றுவிட்டது. நின்றதும் நான் செத்துவிட்டேனோ என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். மலை அப்படியே இருந்தது. நானும் இருந்தேன்.

போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டார்கள். கடிதம் மட்டும்தான். நான் கூப்பிட்டால் நீ எடுக்கப் போவதில்லை என்பதால் எனக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்பா


புவெப்லோ,
செப்டம்பர் 9

அப்பாவுக்கு,

முப்பத்துநான்கு வயதில் உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கும் முதல் கடிதம் இது. அதுவும் சொல்லாமல் ஓடிப்போன பிறகு.

ஸ்டான் சித்தப்பா போன் செய்து, "என்னடி, உங்கப்பன் சாமியாராப் போயிட்டானாமே?" என்றார். காலேஜில் சேர்ந்திருக்கிறார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நானே லைனைத் துண்டித்துவிட்டேன். அறுபத்தோரு வயதில் அப்பா படிக்கப் போனார் என்றால் ஊர் மெச்சும் என்று நினைத்தீர்களோ என்னவோ. இங்கே எல்லோர் வாய்க்கும் அது நொறுக்குத் தீனிதான்.

சந்தையில் ஒரு மூட்டைப் பெரிய பச்சை மிளகாய் வாங்கி, தீயில் சுட்டுத் தரச் சொல்லி, தனியாக உட்கார்ந்து தோலுரித்தேன். இரண்டு கையும் இன்னும் எரிகிறது. போன வருஷம் நீங்கள் எதிரே உட்கார்ந்து உரித்தீர்கள். நாலு மணி நேரத்தில் "கத்தி எங்கே" என்று ஒரே ஒரு தடவை பேசினீர்கள். ஓய்வு பெற்று வந்த இந்த இரண்டு வருஷமும் அப்படித்தான் போயிற்று. சரி, பேசத் தெரியாத மனுஷர், வீட்டிலாவது இருக்கிறாரே என்று நான் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

இப்போது யாரோ முன்பின் தெரியாதவர்களின் மூச்சைக் கேட்டுப் பரவசப்பட்டு எழுதுகிறீர்கள். பக்கத்து அறையில் நான் இருந்தேனே, என் மூச்சு உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

அந்தக் கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி இருந்தது அந்த ஜெபமாலை ஒன்றுதான். அதையும் என்னைக் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

ஜானெல்


ஸான் எவரிஸ்தோ,
செப்டம்பர் 19

கண்ணு,

மூச்சு பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பார்த்தேன். நாலு காகிதம் எழுதி நாலையும் கிழித்துப் போட்டேன்.

ஆனால் இங்கே நான் பார்த்த ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பௌர்ணமிக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அழைப்பு நாள் என்று பெயர். அந்தக் காலத்துப் பிக்குகள் மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் தங்கிவிட்டு, பிரியும் முன் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்வார்களாம். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை, இங்கே மாதம் ஒரு தடவை. கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். தலைவர் மார்கிட் எழுந்து நடுவே வந்தார். எழுபது வயது, முழங்கால் சரியில்லை. தரையில் மண்டியிட்டுக் கையைக் கூப்பிச் சொன்னார்: "என்னிடம் நீங்கள் கண்ட குறை, கேட்ட குறை, சந்தேகப்பட்ட குறை எதுவானாலும் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லுங்கள். அதை நான் கண்டால் திருத்திக்கொள்கிறேன்."

சும்மா சடங்கு, யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மாரிபெல் என்று ஒரு டெக்ஸஸ் பெண், பத்தொன்பது வயது, அவள் எழுந்தாள். நேராக மார்கிட்டைப் பார்த்துச் சொன்னாள்: "வெளியூர்லேர்ந்து பெரிய மனுஷங்க வந்து பேசினா நீங்க அவங்க கண்ணைப் பாத்துக் கேக்கறீங்க. சமையல்காரர் வந்து பேசினா கடிகாரத்தைப் பாக்கறீங்க. நான் மூணு தடவை பாத்துட்டேன்."

ஜானெல், முப்பத்துமூன்று வருஷத்தில் எத்தனை முதலாளிகளைப் பார்த்திருப்பேன். இதில் பாதியைச் சொல்லியிருந்தாலும் மறுநாள் என் வண்டிச் சாவி இன்னொருத்தன் கையில் இருந்திருக்கும். நான் மார்கிட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிவந்தது. வாய் எதையோ சொல்லத் திறந்து மூடிக்கொண்டது. விளக்கம் சொல்லக் கூடாது, அதுதான் விதி. ஏன் அப்படிச் செய்தேன், எனக்கு அன்று என்ன கஷ்டம், அதெல்லாம் எடுபடாது. அந்தக் குறையை என்னிடம் காண்கிறேன் அல்லது காணவில்லை, இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காணவில்லை என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள், யாரும் குடையமாட்டார்கள்.

அவர், "காண்கிறேன்" என்றார். அவ்வளவுதான். கிட்டத்தட்ட எழுபது பேர் இருந்த கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் தேவாலயத்தில் அப்படி ஆனதுண்டு. அதன் பிறகு இப்போதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருந்தாளிகளாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும் நவம்பர் பௌர்ணமியன்று அழைப்பு. இந்த இடத்தில் நற்சான்றுக் கடிதம் வாங்குவதில்லை. நம்மால் அதிகம் நொந்துபோனவர் யாரோ, அவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். கண்டது, கேட்டது, சந்தேகப்பட்டது என்று மூன்றையும் எழுதி, மூடி, தலைவருக்கு அனுப்ப வேண்டும். நான் அதை முன்கூட்டிப் பார்க்க முடியாது. அன்றைக்குக் கூடத்தில் பிரித்து, எல்லோர் முன்னாலும் நானே சத்தமாகப் படிக்க வேண்டும்.

எழுதுவாயா?

அப்பா


புவெப்லோ,
செப்டம்பர் 28

அப்பாவுக்கு,

எழுதமாட்டேன்.

பாவ அறிக்கை செய்ய வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளிப் பாதிரியார் இருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து சாப்பிடலாம். அதற்காக மலையேறிப் போய், நான் பட்டதை உங்கள் நுழைவுச் சீட்டாக்கிக் கொடுக்க வேண்டுமாம். நல்ல கதை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது எல்லோரிடமும் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பேன். நான் எழுதினால் அது அப்படிச் சொல்லி வைக்கிற ஊசியாக இருக்காது. நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூடமும் வேண்டாம், வட்டமும் வேண்டாம், எனக்கு மட்டும் எழுதுங்கள். ஆறு வருஷத்துக்கு முன், அம்மா இறந்துபோன அந்த மார்ச் மாதத்துக் காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஜானெல்


ஸான் எவரிஸ்தோ,
அக்டோபர் 14

கண்ணு,

கொக்குகள் வந்துவிட்டன. சாம்பல் நிறம், நெஞ்சளவு உயரம். தெற்கே போகிற வழியில் அறுத்த பார்லி வயலில் இறங்கி மேய்கின்றன. செடிகொடி வகுப்பு என்று கூட்டிப் போன ஆசிரியர், வயல் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பேச்சையே விட்டுவிட்டார். ஆயிரக்கணக்கில் ஒன்றாக எழும்பின. தலைக்கு மேல் அந்தச் சத்தம் போய் முடிகிறவரை பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், நானும் நின்றேன். இந்தப் பாதையில் நூறு தடவை லாரி ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன.

படிப்பும் பரவாயில்லை. வட்டமேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் படிக்கிறோம். எனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பதை முதலில் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் என் பேச்சு. முதல் வாரம் ஒரு தடவைகூட எனக்கு ஆமாம் கிடைக்கவில்லை. காது கேட்கிறது, ஆனால் கேட்டுக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாரிபெல் சலித்துக்கொள்ளாமல் மூன்றாம் தடவையும் சொன்னாள். இந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து இவ்வளவு பொறுமை வந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

நீ எழுத வேண்டாம். வற்புறுத்தவில்லை. மற்ற நாலு பேருக்கும் கடிதம் வந்துவிட்டது. எனக்கு வராவிட்டால் நவம்பர் பௌர்ணமிக்கு முந்தின நாள் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். அதிலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நீ கேட்டது. வயோமிங்கில் ராலின்ஸ் பக்கம் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தேன், பனியில் ரோட்டை மூடிவிட்டார்கள். அன்றைக்கே சொன்னேனே.

அப்பா


புவெப்லோ,
அக்டோபர் 30

அப்பாவுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதினீர்கள். நன்றி. அதைப் படித்த பிறகுதான் உங்கள் தலைவருக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். இன்று காலை தபாலில் போட்டாயிற்று.

உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே சேர வேண்டும் என்பதற்காக நான் அதை எழுதவில்லை. அதைக் கேட்ட பிறகு, கொக்கைப் பார்த்து அழுகிற இந்த மனுஷர் யார் என்பது அந்த நல்லவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். அவர்களே உங்களை வெளியே அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் வீட்டுக்கு வாருங்கள், கதவைத் திறப்பேன். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போதே கிளம்பிவிடலாம் என்று தோன்றினாலும் கிளம்புங்கள். கிளம்புவது உங்களுக்குக் கைவந்த கலை.

ஜானெல்


ஸான் எவரிஸ்தோ,
நவம்பர் 16

ஜானெல்,

நேற்று படித்தேன்.

உன்னுடைய முந்தின கடிதம் வந்த பிறகு என்னால் இங்கே இருக்க முடியவில்லை. இரண்டு தடவை பையைக் கட்டினேன். உள்ளே என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, தெரியக் கூடாது போலவும் இருந்தது. நேற்றுக் காலை வண்டி வரைக்கும் போய்க் கதவைத் திறந்தேன். மூடிவிட்டுத் திரும்பி வந்தேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மதியம் கூடத்தில் கூடினோம். வெளியே பனி. மார்கிட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக முடிந்து, விருந்தாளிகளில் நான் கடைசி. மண்டியிட்டேன். அழைப்பு வார்த்தைகளைச் சொன்னேன். மார்கிட் உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடி பனித்துவிட்டது, துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

நான் சரியாகக் கேட்டேனா என்று நீதான் சொல்ல வேண்டும். அதனால் நீ எழுதியதைத் திரும்ப உனக்கே எழுதுகிறேன்.

கண்டது: நீ பள்ளிப் படிப்பை முடித்த அன்று விழாவில் அம்மா பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டும் தரவில்லை. எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கும்வரை அந்தப் பை அங்கேயே இருந்தது.

நான் காண்கிறேன் என்றேன்.

கேட்டது: கடைசி மாதத்தில் அம்மா என்னிடம் போனில், "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க மெதுவா வாங்க" என்பாள். போனை வைத்ததும் உன் பக்கம் திரும்பி, "நம்பிட்டாருடி" என்பாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவள் அப்படிச் சொன்னதால்தானே நான் நம்பினேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "அவதான்" என்று ஆரம்பித்தும்விட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு சொல் கூடத்தில் கிடந்தது, எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. காண்கிறேன் என்றேன்.

சந்தேகப்பட்டது: அம்மா போன அன்று நான் வயோமிங்கில் இல்லை. நம் ஊருக்கு வடக்கே லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருந்தேன். அங்கே காபிக் கடையில் வேலை பார்த்த பெண்மணி, இரண்டு வருஷத்துக்கு முன் உன்னிடம் ரத்தம் கொடுக்க வந்தபோது உன் சட்டையில் கோச்செவர் என்ற நம் குடும்பப் பெயரைப் பார்த்து, "உங்கம்மா போன அன்னிக்கு உங்கப்பா விடியறதுக்கு முன்னாடியே வந்து வண்டியிலேயே உக்காந்திருந்தாரும்மா, நான்தான் காபி கொண்டுபோய்க் குடுத்தேன்" என்று ஆறுதலாகச் சொன்னாள். வயதானவள், நாளை மாற்றிச் சொல்லியிருக்கலாம். அதனால் இதைக் கேட்டது என்று போடாமல் சந்தேகம் என்று போட்டிருக்கிறாய். கடைசி வரியில், "இது பொய்யாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

படித்து முடித்துவிட்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காணவில்லை என்று ஒரு சொல் போதும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பார்கள். உனக்கும் நீ வேண்டிக்கொண்டது கிடைத்திருக்கும். சாட்சி சொல்ல யாரும் வரப்போவதில்லை. முழங்கால் மரத்துப்போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாரிபெல்லிடம் பிறகு கேட்டேன், கால் மணி நேரம் இருக்கும் என்றாள். அத்தனை நேரமும் ஒருத்தர்கூட அசையவில்லை, எனக்கு உதவவில்லை, என்னை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை. இப்படி ஒரு இடம் பூமியில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காண்கிறேன் என்று சொன்னேன், ஜானெல்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் வந்து தோளைத் தட்டவும் இல்லை. மார்கிட் கஷ்டப்பட்டு எழுந்து நின்றார், பின்னால் அத்தனை பேரும் எழுந்தார்கள். எழுந்து கடிதத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். வணக்கம் எனக்கல்ல. எழுதியவருக்குச் செய்வதுதான் வழக்கமாம், அது எனக்கு அதுவரை தெரியாது. உன்னைக் கண்ணால் பார்த்திராத எழுபது பேர் உன் எழுத்தின் முன் குனிந்து நின்றார்கள். அந்தக் காகிதத்தை நான் இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் மார்கிட் என் பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜனவரியில உங்க நாற்காலி இருக்கும், ரூடி. ஆனா திருத்திக்கறேன்னு சொன்னீங்களே, அதை இங்க உக்காந்து செய்ய முடியாது."

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ராலின்ஸ் என்று உன்னிடம் ஆறு வருஷம் பொய் சொன்னேன். போன மாதம் மறுபடியும் எழுத்தில் சொன்னேன். ஏன் வரவில்லை என்று விளக்கக் கை பரபரக்கிறது. எழுதமாட்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். படிப்பை விட்டுவிட்டு வா என்றால் வருகிறேன். வராதே என்றால் வரவில்லை.

அப்பா


புவெப்லோ,
நவம்பர் 21

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் இடைவேளையில் பிரித்தேன்.  ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்து முடித்தேன். கூட வேலை செய்யும் பெண் வந்து, "மயக்கமா வருதா?" என்று ஜூஸ் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஆமாம். நான் எழுதியதைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

என்ன மனுஷர்கள் அப்பா இவர்கள்? உங்களைத் துரத்திவிடுவார்கள் என்று நம்பி எழுதினேன். ஒரு இரக்கமும் இல்லாமல் எழுதினேன். அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று வணங்கினார்களாம், உங்களுக்கு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்களாம். முதலில் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படித்தேன், அப்புறம் இன்னொரு தடவை. அம்மா போனதிலிருந்து எத்தனை பேர் வந்து எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பாத்திரம் சாப்பாடு வந்தது. நான் பட்டதற்கு முன்னால் யாரும் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. அந்தப் பனியில், அந்தக் கிடங்கில், முழங்கால் வலியோடு ஒரு கிழவி எனக்காக எழுந்து நின்றார் என்பதை நான் மறக்கமாட்டேன். அவரிடம் சொல்லுங்கள்.

பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தேன். உண்மை தெரிந்துவிட்டது, கோபம் போகவில்லை. கூடித்தான் இருக்கிறது. அந்த டிரக் ஸ்டாப்பிலிருந்து வீடு பன்னிரண்டு நிமிடத் தூரம் அப்பா. நான் அன்று உங்களை எதிர்பார்த்து வாசலுக்கும் படுக்கைக்கும் நடந்த நடைக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் காணவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், நீங்கள் சொல்லவில்லை. உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்த மனுஷரை எனக்குத் தெரியாது.

படிப்பை விட வேண்டாம். ஸ்டான் சித்தப்பா சிரித்தால் சிரித்துக்கொண்டு போகட்டும். ஜனவரியில் போய்ச் சேருங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். மூன்று நாளாக யோசித்தேன். அடுத்த வியாழக்கிழமை நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) குடும்ப விருந்துக்கு வர வேண்டாம். அதற்கு அடுத்த சனிக்கிழமை, முப்பதாம் தேதி, காலை ஆறு மணிக்கு வாருங்கள். அம்மாவின் அறையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

நீங்கள் லாரியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்லப்போகிறேன். ஆறு மணியிலிருந்து அம்மாவின் மூச்சு நின்ற பதினொன்று பத்து வரை, ஒன்றையும் விடாமல். எப்போது தண்ணீர் கேட்டாள், எப்போது நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, எந்தப் பாட்டை முணுமுணுத்தாள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டு எத்தனை தடவை தலையைத் தூக்கினாள். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான், அவர் கேட்கமாட்டார் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் எதுவும் பேசக் கூடாது. எழுந்து போகக் கூடாது. அழுதால் அழுங்கள், நானும் அழுவேன், அதற்காக நிறுத்தமாட்டேன்.

பதினொன்று பத்து ஆனதும் ஏன் வரவில்லை என்று நானே கேட்பேன். அப்போது சொல்லுங்கள்.

ஜானெல்